தேடத் தேவையில்லாத வீடு

ஜூலை 8, செவ்வாய்

வீட்டுச் சாவியைத் தேடி இருபத்திரண்டு நிமிடம் போயிற்று. கடைசியில் அகப்பட்டது அழுக்குக் கூடையில், நேற்றுக் கழற்றி எறிந்த சட்டைப் பைக்குள். ஏழு ஐம்பது பஸ் போய்விட்டது. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நுழைந்தபோது தலைமை வேதியியலர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதுதான் எரிச்சல். பார்த்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். “வாங்க சார், ஒண்ணும் அவசரமில்ல” என்றான். எனக்குக் கீழே ஆறு வருடம் வேலை பழகினவன். எது அவசரம், எது அவசரமில்லை என்று இப்போது அவன் எனக்குச் சொல்கிறான்.

மதியம் குளோரின் அளவு பார்த்துக்கொண்டிருக்கையில் கண்ணாடிக் குழாய் இரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். குப்பி ஓடி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாட்டில் கழுவிக் கழுவியே முப்பது வருடம் ஓட்டிய மனிதர். எல்லோரும் வைத்த பெயர் குப்பி, அவருக்கும் அதில் வருத்தமில்லை. “டாக்டரப் பாருங்க சார். நீங்க விழுந்தா நான்தான் தூக்கணும். எனக்கு முதுகு சரியில்ல.”

ஜூலை 10, வியாழன்

இரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு மேல். மருத்துவர் என் மகள் வயதுப் பெண். தூக்கம், உப்பு, நடை எல்லாம் கேட்டுவிட்டு, “வீட்டுல யாரு இருக்கா?” என்றாள்.

நான்தான் என்றேன்.

“மனைவி?”

“வேலை மாற்றலாகி வேற ஊர்ல இருக்காங்க.” சொல்லி முடித்த பிறகு, மூன்று வார்த்தை அதிகம் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

“பெரிய கவலைய நான் எடுக்க முடியாது சார். காலையில எழுந்ததுலேர்ந்து எரிச்சல் மூட்டுற சின்னச் சின்னது எது எதுன்னு பாருங்க. அத வீட்டவிட்டு எடுங்க.” ஒரு துண்டுத்தாளும் தந்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் தூரத்தில். எடுத்ததை எடுத்த இடத்தில் வை. ஆரம்பப் பள்ளிப் பாடம். முதுகலை படித்தவனிடம் நீட்டுகிறாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

எதையும் அளக்காமல் திருத்த முடியாது. திங்கள் முதல் சனி வரை தேடிய பொருள்களையும் தேடிய நேரத்தையும், முதல் மூன்று நாளுக்கு நினைவிலிருந்தும் மீதிக்குக் கடிகாரம் பார்த்தும், எழுதி வைத்திருந்தேன். சாவி, மூக்குக்கண்ணாடி, மின்கட்டண அட்டை, இரண்டாவது சாக்ஸ், டப்பாக்களின் மூடி, கைபேசியின் சார்ஜர், குடை, சர்க்கரை. ஆம், சர்க்கரை, உப்பைப் போட்டு டீ குடித்தேன். மொத்தம் நான்கு மணி ஐந்து நிமிடம். ஆறு நாளில். இத்தனை நேரத்தில் நாற்பது தண்ணீர் மாதிரிகளுக்குக் காரத்தன்மை பார்த்துவிடலாம்.

இன்று வாசற்பக்கம் மட்டும். கதவுக்கு உள்ளே கொக்கி அடித்தேன், என் தோள் உயரத்தில். குடைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. தபாலுக்கு ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். பரிசோதனைக்கூடத்தில் சீட்டு இல்லாத பாட்டிலை யாரும் தொடமாட்டோம்; எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்தத் தேதி என்று தெரியாவிட்டால் நேரே கழுவுதொட்டிதான்.

ஆணி அடிக்கும்போது ஒன்று உறைத்தது. இருபத்துமூன்று வருடம் நான் இந்த வீட்டில் எதையுமே தேடியதில்லை. கேட்டேன். “குடை எங்க?” அடுத்த அறையிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே, கையில் சிவப்புப் பேனாவோடு பதில் வரும். “பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி. ஈரமா இருக்கும், உதறிட்டு எடுங்க.” குடை ஏன் அங்கே இருக்கிறது என்று சண்டை போட்டேனே தவிர, அது அங்கே இருக்கிறது என்பது ஒருத்திக்குத் தெரிந்திருந்ததே, அதை நினைத்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

சாவி: இரண்டு விநாடி.

ஜூலை 17, வியாழன்

வீட்டை ஒழுங்குபடுத்துவதைக் குப்பியிடம் சொல்லித் தொலைத்தேன். “வீட்டையும் லேபாக்கிட்டீங்களா? பாத்து சார், உங்க மேலயே சீட்டு ஒட்டிக்கப் போறீங்க.” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி இருந்தேன்.

சீட்டு என்றதும் பழையது கிளம்பிவிட்டது. சென்ற வருடம் ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. இரண்டு வருடம் தலைமைப் பொறுப்பைக் கவனித்தவன் நான். அந்த அறையில் உட்கார்ந்தவன் நான். தலைமை வேதியியலர் ஆணை எனக்குக் கீழே பழகின அவன் பெயருக்கு வந்தது. வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டேன். திங்கட்கிழமை வந்தால், என் பேனா, என் அகராதி, என் டீக் கோப்பை, இழுப்பறையில் கிடந்த இருமல் மிட்டாய் வரை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி, ‘முதுநிலை வேதியியலர்’ என்று சீட்டு ஒட்டி, அந்த அறை வாசலில் வைத்திருந்தார்கள். “உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான் சார்” என்றான் அவன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருந்தான்.

அதே வருடம் மே மாதம் என் மனைவிக்குப் பதவி உயர்வு ஆணை வந்தது. தலைமை ஆசிரியை. ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்து ஊர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். காகிதத்தை என்னிடம் நீட்டினாள். முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சொன்னது: “மூணு மாசம் தாங்குவியா நீ?”

பதினான்கு மாதம் தாங்கிவிட்டாள். மாதம் இரண்டு தடவை வந்தவள் பிறகு ஒரு தடவை ஆனாள். ஏப்ரலிலிருந்து வரவில்லை. நானும் ஒருமுறைகூடப் போகவில்லை. போனது அவள்தானே? போனவர்தான் வரவேண்டும். இதில் என்ன தவறு?

ஜூலை 20, ஞாயிறு

சமையலறை. டப்பா முப்பத்தொன்று, மூடி இருபத்தாறு, ஒன்றோடொன்று பொருந்துவது பத்தொன்பது. பொருந்தாத அனைத்தும் வெளியே. மீதிக்குச் சீட்டு.

அவள் எந்த டப்பாவிலும் எதுவும் எழுதியதில்லை. குலுக்கிப் பார்ப்பாள், சத்தத்திலேயே தெரியும் என்பாள். நான் இன்று குலுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சத்தம்தான் கேட்டது.

ஜூலை 23, புதன்

மகள் பேசினாள். வேலைக்குப் போன இடத்தில் அவளுக்கு மூன்று பேரோடு ஓர் அறை. பின்னால் எப்போதும் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“ஆகஸ்ட் ரெண்டாம் தேதி அம்மா வராங்க. ரெண்டு நாள். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

“என்கிட்ட நேரா சொல்ல வாய் இல்லையா?”

“நீங்க போன் எடுத்தா ‘என்ன விஷயம்’னு கேப்பீங்களாம். விஷயம் இல்லாம எப்படிப்பா பேசறதுன்னு என்கிட்ட கேக்கறாங்க.”

“அப்பா, இருக்கீங்களா?” இருக்கிறேன்.

“இந்தத் தடவ ஏதாவது நல்லதா சொல்லுங்கப்பா. எனக்காக.”

பத்து நாள் இருக்கிறது. படுக்கையறை பாக்கி.

ஜூலை 26, சனி

படுக்கையறைப் பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதம் காத்து, பெயின்ட் உரிந்து கிடக்கிறது. அவள் பக்கத்துக் கீழ்த்தட்டில் துணியெல்லாம் ஈர வாடை. பெயின்டரை வரச் சொல்லிவிட்டேன். அதற்குள் அவள் பொருள் அனைத்தையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

எப்போது வந்தாலும் அவள் முதல் அரைமணி எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்த்தேன். பையை முன்னறையில் போடுவாள். மாற்றுத் துணி தேடுவாள். படிக்கிற கண்ணாடி தேடுவாள். தலைவலித் தைலம். பழைய வினாத்தாள் கட்டு. தேடத் தேட முகம் சுருங்கும். நான் பார்த்துக்கொண்டே செய்தித்தாள் படிப்பேன். ஏதாவது சொல்வேன். “உன் வீடு அங்கதான, இங்க எப்படி எது எங்க இருக்கும்னு தெரியும்?” ஏப்ரலில் அதைத்தான் சொன்னேன்.

இந்தமுறை அவள் எதையும் தேடக்கூடாது.

ஜூலை 27, ஞாயிறு

முழு நாளும் இதுவே. துணியை வெயிலில் உலர்த்தி, மடித்து, அடுக்கினேன். அவள் மாதிரி மடிக்க வரவில்லை. நான்கு முறை பிரித்து மடித்தேன். ஒரு நீலப் புடவையின் மடிப்பில் பள்ளிச் சாக்குக்கட்டித் தூள். அதை மட்டும் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை.

மொத்தம் பதினோரு பெட்டி. மருந்துக் கடைக்காரர் நல்ல கனமான அட்டைப்பெட்டிகளாகப் பார்த்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் சீட்டு. டீச்சர் – வீட்டு உடை. டீச்சர் – கண்ணாடி, தைலம். டீச்சர் – புத்தகம் 1. இந்தத் தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான், கல்யாணமான வருடத்திலிருந்து. முன்னறையில் வாசலை ஒட்டி வரிசையாக வைத்தேன். அடிக்கடி எடுப்பது கதவுக்குப் பக்கம், மேலே. அரிதாக எடுப்பது கீழே.

அவள் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வியையும் முடிவு செய்துவிட்டேன். “இதையெல்லாம் எங்க எங்க வைக்கலாம், நீ சொல்லு.” இருபத்துமூன்று வருடத்தில் இதை நான் கேட்டதில்லை.

ஜூலை 30, புதன்

பெயின்டர் வந்து முடித்துவிட்டுப் போனார். வெளிர் மஞ்சள். அவளுக்குப் பிடித்த நிறமா? பெயின்டர் கேட்டார், ஆமாம் என்று தலையாட்டினேன்.

பீரோவில் அவள் பக்கத் தட்டுகளைத் துடைத்துப் புதுக் காகிதம் விரித்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தாறு. “என்ன சார் பண்ணீங்க?” என்று மருத்துவர் கேட்டாள். வீட்டைச் சுத்தம் செய்தேன் என்றேன்.

நாளை காலை பத்து மணி வண்டி.

ஆகஸ்ட் 2, சனி

வந்தாள். இளைத்திருக்கிறாள், அது அவளுக்கு நன்றாக இருக்கிறது. நரையை மறைப்பதை விட்டுவிட்டாள்.

செருப்பைக் கழற்றவில்லை. பையைக் கீழே வைக்கவுமில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். புரிந்துவிட்டது, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், முட்டாள்.

“எத்தன பெட்டி?”

“பதினொண்ணு.”

“எண்ணி வெச்சிருக்கீங்க.”

பையோடு படுக்கையறைக்குப் போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம். அவள் பக்கம் காலி; வெள்ளைக் காகிதம். மூடினாள். திரும்பி வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள், விடைத்தாள் படிக்கிற மாதிரி.

“டீச்சர்னு எழுதியிருக்கீங்க.”

“வேற என்னன்னு எழுதறது?”

“சரிதான்.” வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “வண்டி எப்ப வருது?”

“எந்த வண்டி?”

“இதெல்லாம் ஏத்திட்டுப் போற வண்டி.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. “உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான்.”

“வசதிதான். தேடவே வேண்டாம். எல்லாம் வாசலுக்கே வந்திருச்சு.”

அந்தக் குரல். எனக்கு அந்தக் குரலைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாரம் முதுகு ஒடிய உழைத்தவனை ஒரு வார்த்தையில் கீழே போடுகிறாளே என்று வந்தது. “நீயாத்தான போன. நானா அனுப்புனேன்?” என்று கத்திவிட்டேன். தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“இல்ல. இப்பதான் அனுப்பறீங்க” என்றாள். கத்தவில்லை.

கேட்க வைத்திருந்த கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவள் தம்பி சிறிய வேனோடு வந்தான். என் மைத்துனனுக்கும் எனக்கும் ஆறு வருடமாக வெறும் தலையசைப்புதான். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் என்னை ‘தண்ணி டெஸ்ட் மாமா’ என்று கூப்பிட்டவன். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “மாமா, பேக்கிங் பிரமாதம். ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா?” என்றான். அவள், “டேய், தூக்குடா பேசாம” என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளா, அவனை அவசரப்படுத்தவா?

பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? நாலு பெட்டியை நானே படியிறக்கினேன். புத்தகப் பெட்டி இரண்டும் கனம். அவற்றை நான்தான் தூக்கினேன், அவனுக்கு என்னைவிட வயது குறைவு என்று காட்டிக்கொள்ள விடக்கூடாது என்று. இந்த அழகில் வீறாப்பு.

வேன் ஏறும்போது, “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்று கேட்டாள். போடுகிறேன். “எங்க இருக்கு?” கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டில் எல்லாம் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் குப்பியிடம் சொன்னேன். யாரிடமாவது என் நியாயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. ஓதம், பெயின்டர், வெயில், நாலு முறை மடித்தது, பதினோரு பெட்டி, சீட்டு, எல்லாம். நன்றிகெட்டத்தனம் இல்லையா இது என்று கேட்டேன்.

அவர் டிபன் டப்பாவை மூடி, ரப்பர் பேண்டு மாட்டி, நிதானமாக என்னைப் பார்த்தார்.

“சார், நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் மாறிப் போனா என்ன பண்ணுவோம்?”

“என்ன பண்ணுவோம்?”

“சாமானப் பெட்டில அடுக்கி, பதவிய எழுதி ஒட்டி, வாசல்ல வெப்போம். அவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு.” என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, மெதுவாக, “அன்னிக்கு உங்க பெட்டிய அடுக்கினது நான்தான் சார். மிட்டாயெல்லாம் கரைஞ்சிடக் கூடாதேன்னு தனியா பேப்பர்ல சுத்தி வெச்சேன். அந்த அறையிலேர்ந்து உங்கள அனுப்பறோம்னு நான் நினைக்கவே இல்ல. சாமான் பத்திரமா இருக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன்.”

பதினெட்டு மாதம் ஒருவனை வெறுத்திருக்கிறேன். அடுக்கியது அவன் இல்லை.

எழுந்து போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

அவளுக்குப் போன் போட்டேன். “என்ன விஷயம்?” என்றாள் அவள். என் கேள்வியை அவள் கேட்கிறாள். ஒன்றுமில்லை, பெட்டியெல்லாம் சேர்ந்ததா என்று கேட்டேன். சேர்ந்தது. உடையவில்லையே? உடையவில்லை. வைக்கட்டுமா என்றாள். சரி என்றேன்.

ஒரு நிமிடம் பதினொரு விநாடி. போன் காட்டுகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெட்டிகளை எதற்காக அடுக்கினேன் என்று மகளிடம் சொன்னேன். ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். கேட்டுவிட்டு, “இத அம்மாகிட்ட சொல்லுங்கப்பா” என்றாள்.

“நீ சொல்லேன்.”

“நான் தபால்காரியா? ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது.”

சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். எடுத்த பிறகு அரைமணி நேரம், அதை ரத்து செய்ய என்னென்ன காரணம் இருக்கிறது என்று யோசித்தேன். நிறைய இருக்கிறது. எல்லாம் நல்ல காரணங்கள்.

ஆகஸ்ட் 16, சனி

இதை அவளுடைய வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பள்ளியில் இருக்கிறாள், சிறப்பு வகுப்பு என்று வாட்ச்மேன் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வருவாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை. கதவு தரையில் உரசுகிறது, தூக்கித் தள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள், வானொலி, சீப்பு, அரை டம்ளர் டீ, பூகோள உருண்டை ஒன்று. நாற்காலி மேல் குடை. ஜன்னல் கம்பியில் சாவி தொங்குகிறது, யார் கை நீட்டினாலும் எடுத்துக்கொள்ளலாம்; நானும் அப்படித்தான் திறந்துகொண்டு வந்தேன். எனக்கு விரல் நமநமவென்றது. ஒரு மணி நேரத்தில் இந்த மேசையை ஒழுங்கு செய்துவிடுவேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினோரு பெட்டியும் சுவரோரமாக இருக்கின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை.

பிறகு எழுதியது.

வந்தாள். வாசலில் என்னைப் பார்த்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“பின்ன?”

வண்டியில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “அந்தப் பெட்டி... அது போகச் சொல்லி இல்ல.”

“ம்.”

“நீ வந்தா எதையும் தேடக் கூடாதுன்னு. பீரோ சுவர் ஓதமா இருந்துச்சு. பெயின்ட் அடிச்சேன். எங்க வைக்கலாம்னு உன்னயே கேக்கணும்னு இருந்தேன்.”

“கேட்டீங்களா?”

“இல்ல.”

குடையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு இடம் இல்லை. பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். புத்தகம் 2, தாங்கும்.

“இதச் சொல்லவா ஆறு மணி நேரம் டிரெயின்ல வந்தீங்க?”

“ஆறே முக்கால். லேட்டு.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள். “பதினாலு மாசத்துல ஒரு தடவயாவது எச்.எம்.னு சொல்லியிருக்கீங்களா? என்கிட்ட வேண்டாம். யார்கிட்டயாவது?”

மருத்துவரிடம் என்ன சொன்னேன்? வேலை மாற்றல். பெட்டியில் என்ன எழுதினேன்?

“எனக்கு வரலைன்னு உனக்கு வந்தது பிடிக்கல” என்றேன். இத்தனை மாதம் எனக்கே சொல்லிக்கொள்ளாதது. வேறொருவர் வாயிலிருந்து வந்த மாதிரி கேட்டது.

“தெரியும்” என்றாள். “அன்னிக்கே தெரியும். நீங்க சொல்வீங்கன்னுதான் தெரியாது.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவள் குளிக்கப் போயிருந்தபோது மேசையின் ஒரு மூலையை மட்டும், கொஞ்சம்போல, நேராக்கினேன். வந்து பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். “கை வெச்சாச்சா? அந்தத் தாள் வரிசை எனக்குத் தெரிஞ்ச வரிசை. மொதல்ல ஃபெயிலானது, அப்புறம் ஃபெயிலாகப் போறது.” பழையபடி கலைத்து வைத்துவிட்டேன். எப்படிக் கலைந்திருந்தது என்று நினைவுக்குக் கொண்டு வருவது அடுக்குவதைவிடக் கஷ்டம்.

திரும்பி வருவாயா என்று கேட்கவில்லை. அவளுக்குப் பணி இன்னும் நாலு வருடம் இருக்கிறது. கேட்டால் வரும் பதில் என்னவாக இருந்தாலும், அதைத் தாங்க நான் இன்னும் பழக வேண்டும்.

அவளே ஒன்று கேட்டாள். பள்ளி ஆழ்குழாய்த் தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது, பிள்ளைகள் குடிக்கிறார்கள், பார்த்துச் சொல்ல முடியுமா? இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இரும்பு அதிகம், கிருமி இல்லை. அறிக்கையில் கையெழுத்துக்காகத் தலைமை வேதியியலரிடம் போனேன். “தனிப்பட்ட முறையில வந்த சாம்பிளா சார்?” ஆமாம் என்றேன். “யாரோட ஸ்கூல்?”

“என் மனைவிதான் அங்க எச்.எம்.”

“சொல்லவே இல்லையே சார்! எப்போலேர்ந்து?” அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம் மாதிரிதான் தெரிந்தது. ஆள் அப்படியொன்றும் மோசமில்லை. பிப்பெட்டை இன்னும் தப்பாகத்தான் பிடிக்கிறான்.

செப்டம்பர் 6, சனி

இரண்டாவது பயணம். இரும்பு வடிகட்டி மாட்ட ஒரு ஆள் பார்த்துக் கொடுத்தேன். எட்டு பெட்டியைப் பிரித்துவிட்டாள். எதை எங்கே வைத்தாள் என்று பிடிபடவில்லை. கேட்கவுமில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த வாரம் போகும் முறை இல்லை. வீட்டில் இருக்கிறேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கொக்கி, வாளி, தட்டு, பத்தொன்பது டப்பா. தேடுவதற்கு ஒன்றுமில்லாத வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்பதை எந்த மருத்துவரும் துண்டுத்தாளில் போடுவதில்லை.

மதியம் படுக்கையறைப் பீரோவைத் திறந்து, அவள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் காகிதம் ஓரத்தில் சுருளத் தொடங்கியிருக்கிறது. அங்கே என் துணி எதையும் வைக்கவில்லை. இடம் போதாமல் என் சட்டைகள் நாற்காலியில்தான் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அவள் ஊரிலிருந்து மாலை வண்டிக்குக் கிளம்பினேன். எப்போதும் வாசலோடு சரி. வேலை கிடக்கும் அவளுக்கு. இன்று செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடவே வந்தாள். காரணம் ஏதும் சொல்லவில்லை. வழியில் இரண்டு மாணவிகள் வணக்கம் சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் போய், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஜன்னலோரம் இடம். அவள் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

“அடுத்த தடவ வரப்போ ஒரு நகவெட்டி வாங்கிட்டு வாங்க. இங்க கிடைக்கிறது ரெண்டே நாள்ல மழுங்கிடுது.”

“எதுக்கு வாங்கணும்? வீட்டுல ஒண்ணு இருக்கே, அதயே எடுத்துட்டு வரேன்.”

“அது அங்கயே இருக்கட்டும்” என்றாள். “வரப்போ எனக்கு வேணும்ல.”

வண்டி நகர்ந்துவிட்டது. எப்போது என்று கேட்கவில்லை. ஆறு மணி நேரமும் ஜன்னலை மூடாமல் வந்தேன்.